பாஸ்போர்ட் சேதம் என்று விமானத்தில் ஏற்ற மறுத்தால்: குமரி மாவட்டப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறைக்கு வந்திருந்த என் அத்தை மகன், ஆனி மாதத்து மழையில் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் வரை இருசக்கர வண்டியில் போய்வந்தார். நனைந்து வந்த அந்தச் சிறு புத்தகத்தை அத்தை அடுப்பங்கரையின் சூட்டில் காயவைத்து, தலையணைக்கு அடியில் அழுத்தி வைத்து, பழையபடி ஆகிவிட்டது என்று எடுத்துக் கொடுத்தார். புகைப்படம் உள்ள பக்கத்தின் ஓரத்தில், மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒரு நகத்தின் அகலத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு நின்றதை வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் அந்தப் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், உள்ளே கொண்டுபோனார், இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, இந்தப் பாஸ்போர்ட்டுடன் பயணம் செய்ய இயலாது என்றார். வழியனுப்ப வந்த ஆறு பேரும், நேந்திரங்காய் வற்றலும் முந்திரிக்கொத்தும் கட்டிய பெட்டிகளும், அதே வேனில் களியக்காவிளை வழியாக வீடு திரும்பின.

பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு வெளிநாட்டு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில், இப்படித் திரும்பி வந்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். முதன்முறையாக வெளிநாடு செல்கிறவர்களுக்கும், ஊருக்கு வந்து திரும்புகிறவர்களுக்கும் உதவும் என்று, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், மறுப்பது யார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் வேறு மாநிலத்தில் இருந்தாலும், குமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரமே சொந்த விமான நிலையம். அங்கே உங்கள் பாஸ்போர்ட்டை இரண்டு இடங்களில் பார்க்கிறார்கள். முதலாவது விமான நிறுவனத்தின் கவுண்டர்; இரண்டாவது மத்திய அரசின் இமிக்ரேஷன் கவுண்டர். சேதத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் முதலாவது இடத்தில்தான் நடக்கிறது.

"இது இந்திய அரசு கொடுத்த பாஸ்போர்ட், இதை மறுக்க இவர் யார்?" என்று கவுண்டரில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றினாலும், நடைமுறை வேறு. இறங்குகிற நாட்டின் அதிகாரிகள் ஒரு பயணியின் ஆவணத்தை ஏற்காவிட்டால், அவரை ஏற்றி வந்த விமான நிறுவனமே அவரைத் திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்தின் பொதுவிதி. பல நாடுகள் அதற்கு மேல் நிறுவனத்துக்கு அபராதமும் விதிக்கின்றன. ஆகவே, கவுண்டரில் இருப்பவர் உங்கள் பாஸ்போர்ட் உண்மையானதா என்று மட்டும் பார்ப்பதில்லை. தம்மாமில் அல்லது தோஹாவில் அமர்ந்திருக்கும் அதிகாரி இதைக் கையில் வாங்கும்போது சந்தேகப்படுவாரா என்று பார்க்கிறார். சந்தேகம் வருமென்று தோன்றினால், ஒரு பயணியை இழப்பது அவருடைய நிறுவனத்துக்கு மலிவு. இதே பாஸ்போர்ட்டுடன் போன மாதம் ஊருக்கு வந்து இறங்கினேன் என்ற வாதமும் எடுபடாது. சொந்த நாட்டுக்குள் வருகிற குடிமகனை நம் அதிகாரிகள் அனுமதிப்பது வேறு, அந்நிய நாட்டின் வாசலில் நிற்பது வேறு.

டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய சோதனை

பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைக் கண்ணாடிபோலச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது புகைப்படம் உள்ள பக்கம். படலம் எங்காவது தூக்கியிருக்கிறதா, உள்ளே நீர் இறங்கிக் கறையோ குமிழோ ஏற்பட்டிருக்கிறதா, முகத்தின் மேல் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் எழுத்தும் எண்ணும் அம்புமுனை போன்ற குறிகளுமாக இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள் உண்டு. இயந்திரம் படிப்பது இந்த வரிகளைத்தான். இதில் ஒரே ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் கருவி திணறும்.

அடுத்து, பக்க எண்களை ஒன்றிலிருந்து கடைசி வரை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு தாள் இல்லையென்றால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஏனெனில் அதைச் சேதமென்று யாரும் பார்ப்பதில்லை, மறைப்பதற்காகக் கிழித்தது என்றே பார்ப்பார்கள். தாய்லாந்து போய்வந்ததை வீட்டாரிடம் மறைப்பதற்காகப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, மும்பை விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கில் சிக்கியவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. பிறகு நடுவில் விரித்துத் தையல் நூல் அவிழ்ந்திருக்கிறதா என்றும், அட்டை புத்தகத்தை விட்டு விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெற்றோர் பெயர் அச்சிட்டிருக்கும் கடைசிப் பக்கத்தையும், செல்லுபடியாகும் விசா இருக்கும் பக்கத்தையும் தனியாகக் கவனியுங்கள். விசாவின் மேல் மை கரைந்திருந்தால் பாஸ்போர்ட் நன்றாக இருந்தும் பயனில்லை. அட்டையில் பொன்னிறத்தில் சிறு சில்லுக் குறி இருந்தால் உங்களுடையது மின்னணுப் பாஸ்போர்ட். சென்னையில் இது 2025 மார்ச் முதல் கொடுக்கப்படுகிறது. அதை மடக்குவதும் துளையிடுவதும் உள்ளே இருக்கும் சில்லைக் கெடுக்கும். வெளியே ஒரு குறையும் தெரியாமலேயே அது படிக்காமல் போகலாம்.

அட்டையின் பொன்னெழுத்து மங்குவதும், மூலைகள் சற்று மடங்குவதும், பக்கங்கள் கைபட்டுப் பழுப்பாவதும் பயன்பாட்டால் வருகிற தேய்வு; இவற்றுக்காக அஞ்ச வேண்டாம். தேய்வா சேதமா என்று உங்களுக்கே ஐயம் வந்தால், கவுண்டரில் இருப்பவருக்கு அந்த ஐயம் இரண்டு மடங்காக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பாஸ்போர்ட் கெடும் வழிகள் தனி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. குளச்சல் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று மர அலமாரிக்குள்ளும் நுழைகிறது. ஓட்டு வீடுகளில் கரையான் காகிதத்தை விடுவதில்லை. இவற்றோடு மனிதர்கள் செய்வதும் உண்டு. விசா நகலையும் டிக்கெட்டையும் பாஸ்போர்ட் அட்டையோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கும் ஏஜென்சிகள், இறுக்கமான ரப்பர் பேண்டு, பக்கத்தில் ஒட்டிய விலைச்சீட்டு, பேனாவோடு விளையாடும் பிள்ளை என்று ஒரு பட்டியலே போடலாம். நான் பார்த்ததில் மிகக் கொடுமை, பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று அதன் புகைப்படப் பக்கத்தைக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து வந்த ஒரு பெரியவருடையது. அன்பினால் செய்ததுதான், ஆனால் அன்றோடு அந்தப் பாஸ்போர்ட் முடிந்தது.

நனைந்துவிட்டால், வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். பக்கங்களுக்கு இடையே வெள்ளைத் தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் மெல்லக் காயவிட்டு, அதன் பிறகு மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள்

தூக்கிய படலத்தைப் பசையால் ஒட்டுவது, கிழிந்த தாளுக்கு செல்லோடேப் போடுவது, அழிந்த எழுத்தின் மேல் பேனாவால் எழுதுவது ஆகிய மூன்றும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் ஆபத்தானவை. பாஸ்போர்ட் உங்கள் பெயரில் இருந்தாலும், சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், 12ஆம் பிரிவில், தக்க அதிகாரமின்றி அதிலுள்ள பதிவுகளைத் திருத்துவதையும் திருத்த முயல்வதையும் குற்றமாக வைத்திருக்கிறது; தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ ஆகலாம். நனைந்து தூக்கிய படலத்தைப் பார்க்கும் அதிகாரி அதைச் சேதம் என்பார். பசையால் ஒட்டிய படலத்தைப் பார்க்கும் அதிகாரி, புகைப்படத்தை மாற்ற முயன்றிருக்கிறார்கள் என்பார். முதலாவதில் நீங்கள் இழப்பது ஒரு பயணத்தை. இரண்டாவதில் காவல் நிலையம் வரை போக நேரிடும்.

கவுண்டரில் மறுத்துவிட்டால்

இந்தக் கட்டத்தில் நேரமே பணம் என்பதால், வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதாக, குரலை உயர்த்தாமல், பணியில் இருக்கும் மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கவுண்டர் ஊழியர் தயங்கியதை மேற்பார்வையாளர் ஏற்றுக்கொண்ட நேர்வுகளும் உண்டு. அவர், போகிற நாட்டில் உள்ள தம் நிறுவன அலுவலகத்துக்குப் படம் அனுப்பிக் கேட்டுச் சொல்லவும் கூடும். அவரும் மறுத்துவிட்டால், மேலும் வாதிடுவதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இரண்டாவதாக, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தாளில் தர மறுத்தால், அதே இடத்தில் நின்று, உங்கள் விமான எண்ணையும் நேரத்தையும் கவுண்டர் எண்ணையும் குறிப்பிட்டு, இன்ன காரணம் சொல்லி ஏற்ற மறுத்தார்கள் என்று அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிறகு எந்த முறையீட்டுக்கும் அந்த மின்னஞ்சலே முதல் சான்று. சேதமான பக்கத்தை அப்போதே தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட அவசரமானது. விமானம் கிளம்புவதற்கு முன்பே டிக்கெட்டைத் தேதி மாற்றவோ ரத்து செய்யவோ முயலுங்கள். கிளம்பிய பிறகு உங்கள் பெயர், வராத பயணி என்று பதிவாகிவிடும். அதற்கான பிடித்தம் கூடுதல், சில கட்டணங்களில் ஒன்றும் திரும்பாது. இருவழி டிக்கெட்டாக இருந்தால், போகும் பயணத்தைப் பயன்படுத்தாதபோது திரும்பும் பயணமும் தானாகவே ரத்தாவது வழக்கம் என்பதால், அதையும் காப்பாற்றித் தரும்படி கேளுங்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்சியின் அலைபேசி எண்ணைக் கையோடு வைத்திருப்பது இதற்காகத்தான். பாலராமபுரத்து நெரிசலைக் கணக்கில் கொண்டு, விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பாவது போய்ச் சேரச் சொல்வதும் இதற்காகத்தான்; கவுண்டர் மூடும் நேரத்துக்குப் போகிறவருக்கு மறுப்பைக் கேட்க மட்டுமே நேரம் இருக்கும்.

நான்காவதாக, வேலை தருகிற நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். குறித்த நாளுக்குள் திரும்ப வேண்டிய ரீ-என்ட்ரி விசாவில் வந்தவர்களுக்கு இது மிக முக்கியம். சவூதியில் அந்த விசாவின் காலத்தை, ஊழியர் வெளியே இருக்கும்போதே நிறுவனம் இணையம் வழியாக நீட்டிக்க முடியும். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்கள் செய்வார்கள். அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால் குடியிருப்பு அனுமதி செல்லாமல் போகும். கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்புமா?

ஆவணக் குறைக்காக ஏற்ற மறுப்பதற்கும், இருக்கைகளை அளவுக்கு மீறி விற்றுவிட்டு ஏற்ற மறுப்பதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. 10,000 ரூபாய், 20,000 ரூபாய் என்று இழப்பீட்டு வரம்பு கூறும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, இரண்டாவது வகைக்கே பொருந்தும். அதைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கும்.

ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். பயணம் செய்யாத டிக்கெட்டில், அடிப்படைக் கட்டணம் திரும்பாது என்றாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று அதே இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. வராத பயணிகளுக்கும் இது பொருந்தும். கேட்டால்தான் கிடைக்கும், ஆகவே எழுதிக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் உண்மையில் குறையே இல்லை, ஊழியர் தவறாக மறுத்தார் என்று உறுதியாக இருந்தால், முதலில் நிறுவனத்திடமும், பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதன் பின்னும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையிடுகிறவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான நேர்வுகளுக்குக் கட்டணம் இல்லை. அன்று எடுத்த படமும் அனுப்பிய மின்னஞ்சலும் இங்கேதான் பேசும்.

புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தல்

பாஸ்போர்ட் சேவா என்ற அரசு இணையதளத்திலோ எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலோ மட்டும் விண்ணப்பியுங்கள். பெயரில் ஒத்திருந்து கூடுதல் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பல உள்ளன. ஐயம் இருந்தால் 1800 258 1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

உள்ளே நுழைந்ததும் புதியது என்பதைத் தேர்ந்தெடுக்காமல், மறுவழங்கல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் சேதமடைந்தது என்பதைத் தெரிவு செய்யுங்கள். இங்கேதான் பலர் ஒரு தந்திரம் செய்யப் பார்க்கிறார்கள். சாதாரண மறுவழங்கலுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். சேதமடைந்ததற்கு மாற்றாக வாங்குவதற்கு 3000 ரூபாய். அந்த 1500 ரூபாயை மிச்சப்படுத்த, காலாவதி என்றோ பக்கம் தீர்ந்தது என்றோ காரணம் குறிப்பிட்டுவிடுகிறார்கள். சேவை மையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய நொடியில் உண்மை தெரிந்துவிடும், கோப்பு நிறுத்தப்படும், விளக்கம் கேட்பார்கள், கட்டணமும் வாங்குவார்கள். அவசரத்தில் இருக்கிறவருக்கு அந்தத் தாமதமே பெரிய தண்டனை.

படிவம் சேதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பாஸ்போர்ட் எண்ணைப் படிக்க முடிந்து, பெயர் தெளிவாக இருந்து, புகைப்படம் சிதையாமல் இருந்தால் அது பகுதிச் சேதம். அடையாளமே தெரியாத அளவுக்குக் கெட்டிருந்தால் முழுச் சேதம். இந்த வேறுபாடு உங்கள் நாள்களைத் தீர்மானிக்கிறது. பகுதிச் சேதத்துக்குத் தட்கல் என்ற விரைவு முறையில் விண்ணப்பிக்கலாம். 2000 ரூபாய் கூடுதலாக, மொத்தம் 5000 ரூபாய் ஆகும். முழுச் சேதத்துக்குத் தட்கல் கிடையாது. காவல்துறை விசாரணையும் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். 60 பக்கப் புத்தகம் வேண்டுமென்றால் 500 ரூபாய் கூடும். அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு அது லாபம்தான்.

எங்கே போவது என்று அடுத்த கேள்வி வரும். குமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. அதன் கீழுள்ள திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்கே நம்மவர்கள் பலரும் போகிறார்கள். 2018 முதல் நாட்டின் எந்தப் பகுதியிலும் விண்ணப்பிக்கலாம் என்று விதி தளர்ந்திருப்பதால், விளவங்கோடு பக்கத்தில் இருப்பவர்கள் திருவனந்தபுரம் அலுவலகத்தைத் தெரிவு செய்து, நெய்யாற்றின்கரை மையத்தில் நாள் கிடைக்கிறதா என்றும் பார்க்கலாம். காவல்துறை விசாரணை எப்படியும் நீங்கள் எழுதிய முகவரியில், உங்கள் ஊர்க் காவல் நிலையம் வழியாகவே நடக்கும். அஞ்சலகங்களில் இயங்கும் சேவை மையங்களில் நாள் எளிதாகக் கிடைப்பதுண்டு. ஆனாலும் சேத நேர்வில் அதிகாரி நேரில் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், முழு அளவிலான சேவை மையத்துக்கே போங்கள் என்பது என் கருத்து.

கொண்டுபோக வேண்டியவை: சேதமான அசல் பாஸ்போர்ட், எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதன் எல்லாத் துண்டுகளோடும், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், தற்போதைய முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, விண்ணப்ப ரசீது. இவற்றோடு எஃப் இணைப்பு என்ற உறுதிமொழி தேவை. பாஸ்போர்ட் எங்கே, எப்போது, எப்படிச் சேதமானது என்று அதில் நீங்கள் எழுதித் தர வேண்டும். இதற்கு முத்திரைத்தாள் வாங்க வேண்டும், நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லி ஐநூறும் ஆயிரமும் வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம், எல்லா இணைப்புகளையும் வெள்ளைத்தாளில் தன்னுறுதிமொழியாகக் கொடுத்தால் போதும் என்று மாற்றிவிட்டது. தளத்திலிருந்து மாதிரியை இறக்கி, அச்சிட்டு, கையெழுத்திட்டால் முடிந்தது.

அந்த உறுதிமொழியில் உண்மையை அப்படியே எழுதுங்கள். மழையில் நனைந்தது என்றால் மழையில் நனைந்தது. பிள்ளை கிழித்தது என்றால் பிள்ளை கிழித்தது. அதிகாரிகளுக்கு இவை புதிதல்ல. கதை கட்டினால் பாஸ்போர்ட்டில் தெரிகிற சேதத்தோடு அது ஒட்டாமல் போகும். சேதமானதைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி விண்ணப்பிப்பது அதைவிட மோசம். காவல் நிலைய அறிக்கையும் விசாரணையும் தேவைப்படும், பொய்த் தகவல் தந்ததும் மேலே சொன்ன 12ஆம் பிரிவில் சேரும். வெள்ளத்தில் கெட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். 2015இல் சென்னை வெள்ளத்திலும் 2018இல் கேரள வெள்ளத்திலும் பாஸ்போர்ட் கெட்டவர்களுக்கு அரசு கட்டணமின்றி மாற்றித் தந்தது. 2021 நவம்பர் போல நம் மாவட்டம் நீரில் மூழ்கும் நாள்களில் அப்படி ஓர் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேறியிருந்தும் பழைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை (ECR) என்ற குறிப்பு இருப்பவர்கள், இதே விண்ணப்பத்தில் சான்றிதழைக் காட்டி அதை நீக்கிக்கொள்ளலாம்.

மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ-யில் ஆவணங்களைப் பதிந்து, படமும் கைரேகையும் எடுப்பார்கள். பி-யில் ஆவணச் சோதனை. சி-யில் வழங்கும் அதிகாரி. சேதம் எப்படி ஏற்பட்டது என்ற கேள்வி பி-யிலும் சி-யிலும் வரும். உறுதிமொழியில் எழுதியதையே இரண்டு வரியில் சொன்னால் போதும். ஐயம் இருந்தால் மதுரைக்கு நேரில் வரச் சொல்லக்கூடும். அதை நிராகரிப்பாக எண்ணிக் கலங்க வேண்டாம். பயண அவசரத்துக்குச் சான்றாக டிக்கெட்டையும் வேலை தருகிற நிறுவனத்தின் கடிதத்தையும் வைத்திருந்தால், அங்கே அவை உதவும்.

விசாவை மறந்துவிடாதீர்கள்

புதிய பாஸ்போர்ட்டின் எண் வேறு. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விசாவும், குடிபெயர்வு அனுமதியும், மருத்துவச் சோதனைப் பதிவும், டிக்கெட்டும் பழைய எண்ணில் நிற்கின்றன. ஆகவே விசா இன்னும் வரவில்லை என்றால், சேதத்தைக் கண்ட அன்றே ஏஜென்சியிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி, முதலில் அதைப் புதுப்பித்து, பிறகு விசாவுக்குக் கொடுங்கள். பதினைந்து நாள் தாமதம் என்று ஏஜென்ட் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

விசா வந்த பிறகு சேதமானால், புதிய எண்ணைக் குறிப்பிட்டு விசாவை மாற்றித் தரும்படி வேலை தருகிறவரிடம் கேளுங்கள். சவூதியில் ஏற்கெனவே இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு, பழைய பாஸ்போர்ட் விவரத்தைப் புதியதற்கு மாற்றும் பணியை நம்மவர்கள் நகல் மாலுமாத் என்றே சொல்வார்கள். அதை அப்ஷர் என்ற சவூதி அரசின் இணையச் சேவை வழியாகச் செய்கிறார்கள். அமீரகத்தில் 2022 முதல் பாஸ்போர்ட்டில் குடியிருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் அட்டையே சான்று; அங்கும் புதிய எண்ணைப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். தாளில் ஒட்டிய செல்லுபடியாகும் விசா பழையதில் இருந்தால், ரத்து முத்திரை குத்தித் திரும்பத் தரப்பட்ட அந்தப் பழைய புத்தகத்தையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். ரத்தானதுதானே என்று தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்றவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும்போது சேதமானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் விண்ணப்ப மையத்தில் மறுவழங்கலுக்குக் கொடுக்கலாம். உடனே ஊருக்கு வர வேண்டிய துக்க காரியம் என்றால், இந்தியாவுக்கு ஒருமுறை வர மட்டும் உதவும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தரும். அதை வைத்து வந்தவர் திரும்பிப் போக இங்கே புதிய பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும்.

புதிய பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வரும். விண்ணப்பித்தவர் நேரில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும் என்பதால், அந்த நாள்களில் பகலில் வீட்டில் இருங்கள். அஞ்சல்காரர் நமக்குத் தெரிந்தவர்தான் என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிடச் சொல்ல முடியாது. வாங்கியதும் உறையைப் பிரித்து, பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். கையெழுத்தையும் பாருங்கள். பிறகு புகைப்படப் பக்கத்தைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கும் வேலை தருகிறவருக்கும் அனுப்பிவிட்டு, டிக்கெட்டில் பழைய எண் இருந்தால் ஏஜென்சியிடம் சொல்லி மாற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் தனியாக வையுங்கள். மழைக்காலத்தில் ஏஜென்சிக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தால் பேருந்தில் போங்கள்.